பதினோராவது தொப்பி

என் வேலை என்னவென்று சொன்னால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். புதுச் சட்டையைப் பழசாக்குவேன். புதுச் செருப்பைத் தேய்ந்ததாக்குவேன். நேற்று வாங்கிய பையைப் பத்து வருஷம் உழைத்த பை ஆக்குவேன். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களா என்பார்கள். தருகிறார்கள். நாடக அரங்கத்தின் பின்பக்கத்தில், உடுப்பு அறையில், இருபத்திரண்டு வருஷமாக நான் செய்வது இதுதான். மேடையில் ஏழையாக வருகிறவன் கடை மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நின்றால் எவன் நம்புவான்? அதனால் தேநீர்ச் சாயம், உப்புத்தாள், கம்பி பிரஷ், மெழுகு, ஒரு டப்பா தூசி, இவற்றோடு என் காலம் ஓடுகிறது. நடிகர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பழசக்கா. வயதைச் சொல்லவில்லை, தொழிலைத்தான் சொல்கிறோம் என்று சத்தியம் செய்கிறார்கள். நம்பித் தொலைக்கிறேன்.

தையலிலும் பாதி என்னுடையது, மீதிப் பாதி டெய்லர் மாஸ்டருடையது. என் தையல் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. போன வருஷம் ஒரு கதாநாயகன் தன் கோட்டில் பொத்தான் லூசாக இருப்பதாகச் சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அந்தப் பொத்தானைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். கோட்டுதான் கிழிந்தது, பொத்தான் அசையவில்லை. கோட்டையும் நானே தைத்துக் கொடுத்தேன் என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு என் தையலைப் பற்றி அந்தக் கட்டடத்தில் யாரும் வாய் திறந்ததில்லை.

அன்று வியாழக்கிழமை. மத்தியானம் அண்ணன் வந்தான். அண்ணன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறவன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, அதனால் வெயிலுக்கு எப்போதும் ஒரு சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி. வேலை நாளில் அவன் என் அறைக்கு வந்ததே இல்லை. வந்தவன் உட்காராமல், தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் திருப்பினான்.

"இதுக்கு ஒரு புது ரிப்பன் போட்டுத் தர முடியுமா?" என்றான்.

தொப்பியைச் சுற்றியிருந்த ரிப்பன் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. நானே மூன்று நான்கு தடவை மாற்றித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறேன். தலைக்குத்தானே போடுகிறேன், கண்ணுக்கா என்று சொல்லித் தட்டிக் கழித்தவன்தான். இப்போது என்ன திடீரென்று என்று கேட்டேன். மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். மாஸ்டர் நல்ல மனிதர், தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நாற்பத்தேழாம் நம்பர் வீடு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற ஒரு அம்மா, தனியாள். மீட்டர் அங்கே வாசல் படிக்குப் பக்கத்தில் குழிக்குள் இருக்கிறது, குந்தி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். நான்கு வருஷமாக இவன் குந்தி எழும்போது அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிற்பாராம். போன மாதம் அந்த மீட்டர் ஓடாமல் நின்றுவிட்டதாம். சரிபார்க்க மூன்று தடவை போக வேண்டியிருந்ததாம்.

"மீட்டர் நின்னதுக்கு மூணு தடவையா?" என்றேன். "ஒரு தடவை போனா போதும்னு எனக்கே தெரியுமே."

அண்ணன் காதுவரை சிவந்தான். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் அப்படி அசடு வழிந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா ஏரிக்கரைப் பூங்காவில் போய் உட்காருவாராம். இந்த வாரம் நீங்களும் வாங்களேன் என்று கேட்டிருக்கிறார். யூனிஃபார்ம் இல்லாமல் வந்தால் உங்களை எனக்கு அடையாளம் தெரியாது, தொப்பியோடு வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இந்தத் தொப்பிக்கு வந்த வாழ்வு.

அண்ணி போய் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் அண்ணன் நின்றுகொண்டேதான் சாப்பிட்டான். சமையல் மேடை ஓரமாக நின்று, தட்டைக் கையில் பிடித்து, முடித்துக் கழுவி வைத்துவிடுவான். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும், அவ்வளவுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தையை அவன் வாயால் ஆவலோடு சொல்லி அன்றுதான் கேட்டேன். இது நடக்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை அவனுக்குக்கூட இருந்திருக்காது. இந்த ஒரு ஞாயிறு நல்லபடி போகவில்லையென்றால் அவன் மறுபடி இன்னொரு தடவை துணிய மாட்டான் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"பழைய ரிப்பன என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன்.

"தூக்கிப் போட்டுடு," என்றான். அப்படிச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ரிப்பன் அண்ணி தைத்தது. கடையில் வாங்கியபோது தொப்பிக்குக் கறுப்பு ரிப்பன்தான் இருந்தது. மீட்டர் பார்க்கப் போறவருக்கு எதுக்கு துக்கக் கோலம் என்று அண்ணி அதைப் பிரித்து எறிந்துவிட்டு வேறு வாங்கித் தைத்தாள். அண்ணிக்கும் ஊசிக்கும் ஆகாது. ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, கடைசியில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு. பிரிக்கும்போது என் கை தானாகவே மெதுவானது. அவள் கை பட்டதை ரொம்ப நேரம் பார்த்தால் கண் கலங்கும், கண் கலங்கினால் வேலை கெடும். அதனால் அப்படியே உருட்டி என் ஊசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். உடுப்பு அறையில் எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை.

ரிப்பனை எடுத்த இடத்தில் ஃபெல்ட் வாங்கிய அன்று இருந்த கருஞ்சாம்பல் நிறத்தில் பட்டையாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்து, அதிலும் இடது பக்கம் இன்னும் அதிகமாக வெளுத்திருந்தது. தினமும் ஒரே தெரு, ஒரே நேரம், வெயிலும் ஒரே பக்கம்.

வேலை முடிந்து ரிப்பன் கடைக்கு ஓடினேன். எனக்கு வேண்டியது கோடு கோடாக நெய்த கெட்டி ரிப்பன். வழவழ ரிப்பன் பரிசுப் பொட்டலத்துக்குத்தான் லாயக்கு, தொப்பியில் நிற்காது. கருநீலத்தில் கடைசியாக ஒரே ஒரு மீட்டர் இருந்தது. அகலம் ஒரு நூலளவு குறைவு. பரவாயில்லை என்று வாங்கிவிட்டேன்.

தொப்பி மேலே போகப் போகக் குறுகும், ரிப்பனோ நேராக இருக்கும். அப்படியே சுற்றினால் மேல் விளிம்பு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி, ரிப்பனை மெல்ல மெல்ல வளைத்து எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைச் செய்தேன். இடது பக்கம் வில் முடிச்சு வைத்து, வெளியே தெரியாத தையலில் முடித்து, ஆவி காட்டி, மரத் தலையில் மாட்டி அலமாரி ஓரத்தில் காய வைத்தேன். புது ரிப்பனில் தொப்பி பத்து வயது குறைந்து நின்றது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை வேலை கழுத்தை நெரித்தது. அடுத்த நாள் முழு உடுப்போடு ஒத்திகை. துறைமுகத்தில் வேலை தேடி நிற்கிற கூட்டம் ஒரு காட்சியில் வருகிறது, பத்துப் பேர், பத்து ஃபெல்ட் தொப்பி. எல்லாவற்றுக்கும் மாஸ்டர் புது ரிப்பன் வைத்திருந்தார். ஒரு தொப்பிகூடப் புதுசாகத் தெரியக்கூடாது என்பது இயக்குநர் உத்தரவு. காலையிலேயே சட்டியில் சாயத்தைக் காய்ச்சி, மேஜையில் வரிசையாக நின்ற தொப்பிகளில் ஆரம்பித்தேன்.

நான் வேலையில் இறங்கினால் எனக்குக் கண்ணும் கையும் மட்டும்தான் இருக்கும். ரிப்பனுக்குத் திட்டுத் திட்டாகச் சாயம். வில் முடிச்சின் மடிப்பில் உப்புத்தாள். விளிம்பில் நகத்தால் நாலு நூலை இழுத்துவிடுவது. தொப்பியைக் கழற்றும்போது விரல் படும் இடத்தில் மெழுகும் தூசியும். வியர்வைக் கோட்டுக்கு உப்புத் தண்ணீர். வரிசையின் கடைசித் தொப்பியில் என் கை அப்படி விழுந்தது. அதை முடித்தபோது மழையிலும் வெயிலிலும் பதினைந்து வருஷம் அலைந்த ஒரு மனிதனே மேஜைமேல் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசித் தொப்பியைத் தூக்கி உள்ளேயும் வெளியேயும் பார்த்தார்.

"மத்ததெல்லாம் வேஷம். இது அசல்," என்றார்.

அவர் என்னைப் பாராட்டுவது வருஷத்துக்கு ஒரு தடவை. பெருமை தாங்காமல் நான் பத்தையும் அலமாரிக்கு மாற்றினேன். பத்தை மாற்றிய பிறகும் மேஜைமேல் ஒன்று மிச்சம் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலமாரி ஓரத்தைப் பார்த்தேன், காலி. காலையில் இஸ்திரி மேஜைக்கு இடம் பண்ண மாஸ்டர் அதுவும் நாடகத் தொப்பி என்று நினைத்து எடுத்து வரிசையோடு வைத்திருக்கிறார். அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். சொந்த அண்ணன் தொப்பியை அடையாளம் தெரியாதவள் நீ, என்னை ஏன் திட்டுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காததில் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. உலகத்தில் எல்லோரும் தொப்பி கெட்டால் புதுசாக்குவார்கள். புதுசாக்கிய தொப்பியைத் தன் கையாலேயே பழசாக்கி, அதற்குப் பாராட்டும் வாங்கியவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

சாயம் போட்டால் போகாது, போகாத சாயம் காய்ச்சுவதுதானே என் பெருமை. உப்புத்தாள் பட்ட இடமோ நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ரிப்பன் கடை சனிக்கிழமை மத்தியானத்தோடு மூடிவிடும், மணி இரண்டரை. இருந்த கடைசி மீட்டரையும் நான்தான் வாங்கியிருந்தேன். அறையில் மிச்சமிருந்தது ஒரு கறுப்புச் சுருள். அண்ணி பிரித்து எறிந்த அதே கறுப்பு. எனக்கு அழுகை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனிதன் வெளியே கால் வைக்கிறான், அவன் தலையில் நான் துக்கத்தைத் தைத்து அனுப்புவதா?

மாஸ்டர் பக்கத்து மேஜையில் ஒரு சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நைந்துபோன காலரை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடி தைப்பது அவருக்கு வாராவாரம் வரும் வேலை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டே அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்துபோய் ஊசி டப்பாவைத் திறந்தேன்.

உருட்டி வைத்த பழைய ரிப்பனை விரித்து, முதல் தடவையாக அதன் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஒட்டியிருந்த ஃபெல்ட் பஞ்சைப் பிரஷால் தட்டினேன். அடியிலிருந்து மயில் கழுத்து நிறம் வந்தது. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத அந்த நிறம். கடையில் வாங்கி வந்த அன்று அண்ணி கழுத்தோரமாக வைத்து, எனக்கே ஒரு சேலை எடுத்துக்கலாம் போலிருக்கு என்று சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. வெயில் மேல்பக்கத்தை மட்டும்தான் தின்றிருக்கிறது. இதைப்போலக் கோடு கோடாக நெய்த ரிப்பனுக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று கிடையாது, இரண்டும் ஒன்றுதான்.

கருநீலத்தைப் பிரித்துப் போட்டேன். தொப்பியில் பூசிய மெழுகையும் தூசியையும் சுரண்டி, ஆவி காட்டி, துலக்கி எடுப்பதற்குள் மணி நாலரை. அண்ணி ரிப்பனைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போட்டேன். பத்து வருஷமாகத் தொப்பியைச் சுற்றியிருந்ததால் வளைவு அதிலேயே இருந்தது. அகலமும் அந்தக் கருஞ்சாம்பல் பட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது, வில் முடிச்சுக்கும் நீளம் இருந்தது. தைக்கும்போது புதிதாகக் குத்த மனசு வரவில்லை. அண்ணி குத்திய ஓட்டைகள் ரிப்பனில் அப்படியே இருந்தன, ஒன்று கிட்ட, ஒன்று எட்ட. அதே ஓட்டைகளில் ஊசியை விட்டு எடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு கோணலான தையலை நான் போட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அண்ணன் அரங்கத்துக்கு வந்துவிட்டான். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில், பள்ளிக்கூடப் பரீட்சைக்கு வந்தவன் மாதிரி நின்றான். பேசாமல் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் என் வாய் எப்போது என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"இது அண்ணி ரிப்பன்தான், திருப்பித் தைச்சிருக்கேன்," என்றேன். பிறகு நடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "வேணாம்னா இப்பவே சொல்லிடு. கறுப்பு ஒண்ணு இருக்கு, கால் மணி நேரத்துல மாத்திடுவேன்."

அண்ணன் தொப்பியை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். கட்டை விரலால் ரிப்பனை ஒரு சுற்று முழுக்கத் தடவிக்கொண்டு வந்தான். அவன் முதுகை மட்டும்தான் நான் பார்த்தேன். கீழே மேடையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"இப்படித்தான் இருந்துச்சு," என்றான். "எனக்கு மறந்தே போச்சு."

பிறகு தொப்பியைத் தலையில் வைத்து, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று போய்விட்டான். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒத்திகையில் ஒருவனுக்கு இரண்டு காலிலும் இடது கால் செருப்பைக் கொடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் வாசலில் அண்ணன் நின்றான். தோளில் மீட்டர் பை, தலையில் தொப்பி இல்லை. மண்டை முழுவதும் தக்காளிப் பழமாகச் சிவந்து, நெற்றியோரம் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. பூங்கா வாசல்வரை போய்ப் பிடிக்காமல் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான் போல. அல்லது எங்கேயாவது விட்டுவிட்டு வந்துவிட்டான். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பிடிக்கவில்லையென்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே, ராத்திரி பகலாக ஒருத்தி உட்கார்ந்து தைத்தது உனக்கு அவ்வளவு இளக்காரமா என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான் நிறுத்தினேன்.

"போய் உட்கார்ந்ததும் முதல்ல தொப்பியத்தான் பார்த்தாங்க," என்றான். "ரிப்பன் புதுசான்னு கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல. என் சம்சாரம் தைச்சது, தங்கச்சி திருப்பிப் போட்டான்னு சொல்லிட்டேன்."

அதோடு முடிந்தது என்றுதான் அவனும் நினைத்தானாம். ஆனால் அந்த அம்மா கையை நீட்டி, கொடுங்கள் பார்க்கலாம் என்று தொப்பியை வாங்கினாராம். திருப்பி, உள்ளே பார்த்து, தையல்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாராம். அண்ணியைப் பற்றிக் கேட்டாராம். என்ன சமைப்பார், எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபம் வரும் என்றெல்லாம். இவன் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"மூணு மணி நேரம். தொப்பி அவங்க மடியிலயே இருந்துச்சு," என்றான். "உச்சி வெயில். திருப்பிக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

நாற்பத்தேழாம் நம்பர் என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். சரி, இப்போது தொப்பி எங்கே என்று கேட்டேன்.

அண்ணன் மறுபடி மின்விசிறியைப் பார்த்தான்.

"அவங்ககிட்டதான் இருக்கு. வில் முடிச்சுக்கிட்ட ஒரு தையல் விட்டிருக்காம். வீட்ல வெச்சுத் தைச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டாந்து தர்றேன்னாங்க."

எனக்குச் சுரீர் என்றது. என் தையலா? நானா? ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துப் போட்ட தையல் விட்டிருக்கிறதா? மாஸ்டர் தன் மேஜையிலிருந்து கத்திரியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பொத்தான் விவகாரம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

திறந்த வாயோடு அண்ணனைப் பார்த்தேன். அவன் மண்டை உரிந்து, ஸ்டூலில் காலை நீட்டி, சுகமாக உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா லென்ஸ் தேய்க்கிறவர். விடாத தையலை விட்டது என்று தப்பாகப் பார்க்கிற கண் இல்லை அது.

"இருக்கும் அண்ணா," என்றேன். "அவசரத்துல விட்டிருப்பேன்."